தகடும் பெயரும்

ஈசூன் தொழிற்பேட்டை ஏ-யில் இரண்டு இடங்களில் "நீ யார்?" என்று கேட்பார்கள். ஒன்று விக்காம் வாகன ஆய்வுக்கூடம். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, வண்டியில் இருக்கும் எண்ணைப் படித்துப் பதிவோடு ஒப்பிடுவார்கள். இன்னொன்று, அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நான் 38 ஆண்டு கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ சனிக்கிழமை காலைகளில் வண்டியை முதல் இடத்தில் முடித்துக்கொண்டு இரண்டாவது இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதானா என்று என்னை யோசிக்க வைத்தது ஒரு மோரிஸ் மைனர்.

2017இல் அந்த வண்டியைக் கொண்டுவந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவருடைய மாமனார் வாங்கிய கார். வெளிர் பச்சை, வட்ட முகம், அலெக் இசிகோனிஸ் வரைந்த அந்த முட்டை வடிவம். 1948இல் வெளிவந்த மாடல். பிரிட்டனில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுதான். இதற்குத் தனி சேசி கிடையாது. லாரியில் இருப்பதுபோல் ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் தூக்கி வைத்த உடம்பு என்று இரண்டு பங்காக இதைப் பிரிக்க முடியாது. உடம்பேதான் சட்டம். சிங்கப்பூர் மழையில் அந்த உடம்பு கீழே இருந்து அரித்துக்கொண்டு வந்திருந்தது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகரத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்திலும் அதே கதை.

சார் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மலேசியாவில், மூவாரில் ஒருவரிடம் இன்னொரு மைனர், எஞ்சின் போனது, உடம்பு மட்டும் நல்ல நிலையில்.

"தம்பி, நம்ம வண்டித் தகட்டக் கழட்டி அதுல அடிச்சிடுங்க. எஞ்சின் நம்மது, கியர்பாக்ஸ் நம்மது, சீட்டு, ஸ்டியரிங் எல்லாம் நம்மது. உடம்பு மட்டுந்தானே வேற?"

அந்தக் காலத்து வண்டிகளில் சேசி எண் என்பது பானெட்டுக்குள் பின்சுவரில் ரிவெட் அடித்த ஒரு சின்னத் தகடு. இன்றைய 17 எழுத்து எண் 1980களில்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஒன்றையும் சுழியையும் குழப்பிவிடக் கூடாது என்று ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றையும் அதில் விலக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதனதன் கணக்கு. துளைபோடும் கருவி ஒன்று இருந்தால் கால் மணி நேர வேலை.

அவருக்கு ஏன் அந்தத் தகடு வேண்டும் என்பது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். இங்கே வண்டி வாங்கினால் போதாது. 10 ஆண்டு வைத்திருக்கும் உரிமைக்கு சிஓஇ என்ற சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், பிறகு பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அவருடைய வண்டிக்கு அது விடாமல் புதுப்பிக்கப்பட்டு வந்தது, தினமும் ஓட்டலாம். வெளியிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவருவதென்றால் 35 வயது ஆன வண்டிகளுக்கான தனித் திட்டத்தில் வரலாம், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். அவருக்கு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தினமும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்.

நான் சட்டத்தைச் சொன்னேன். எஞ்சினை மாற்றுவதற்கே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வேறொரு வண்டியின் உடம்பில் இந்தத் தகட்டை அடித்து, ஒன்றும் நடக்காததுபோல் ஆய்வுக்குக் கொண்டுபோனால் அது பதிவேட்டிடம் சொல்லும் பொய். நாளைக்கு ஒருவர் அதை நம்பிப் பணம் கொடுத்து வாங்கினால் தண்டனைச் சட்டம் 420ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை சிறை. ஏமாற்றுக்காரனை நம் ஆட்கள் 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டுவது இந்தப் பிரிவை வைத்துத்தான். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய சட்டம் இங்கேயும் வந்தது, பிரிவு எண்ணும் கூடவே வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்தக் குற்றத்துக்கு 318 என்று எண் மாறிவிட்டது. எண் மாறினாலும் குற்றம் அதேதான் என்பதை யாரும் மறக்கவில்லை.

சார் வள்ளுவரை எடுத்தார். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று அவர் சொல்லியிருக்கிறாரே, இதில் யாருக்கு என்ன கெடுதல்? நான் விற்கப் போவதே இல்லையே? பிறகு ஒரு கேள்வி கேட்டார். இன்று வரை அதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை.

"அஞ்சு வருஷமா கொஞ்சங் கொஞ்சமா நீங்களே எல்லாத் தகரத்தையும் வெட்டி வெட்டி மாத்தினா அது சரி. அதையே ஒரே நாள்ல மாத்தினா தப்பா? கடைசியில நிக்கிற வண்டி ரெண்டுலயும் ஒண்ணுதானே?"

என்னிடம் பதில் இல்லை. "என்னால முடியாது சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் வருத்தத்தோடு போனார்.

இந்தக் கேள்வி 2,000 ஆண்டுப் பழசு. மிலிந்தன் என்று பௌத்த நூல் சொல்லும் கிரேக்க அரசன் மெனாந்தரிடம் நாகசேனர் என்ற துறவி கேட்கிறார்: தேரில் வந்தேன் என்கிறாயே, ஏர்க்கால்தான் தேரா? அச்சு தேரா? சக்கரம் தேரா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் குவித்தால் அந்தக் குவியல் தேரா? அதுவும் இல்லை. இவற்றைத் தவிர்த்து வேறெங்கோ தேர் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் தேர் என்பது வழங்கும் ஒரு பெயர் மட்டுமே. 'நாகசேனன்' என்பதும் அப்படித்தான், உள்ளே நிலையான ஆள் ஒருவரும் இல்லை. வண்டியைப் பிரித்து மாட்டிப் பிழைத்தவன் என்பதால் இந்த வாதத்தின் முதல் பாதி எனக்கு உடனே பிடிபட்டது. முழுதாகப் பிரித்த கார் தரையில் கிடக்கும்போது அங்கே கார் எங்கே இருக்கிறது என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சைவ வீட்டுப் பிள்ளை. மெய்கண்டார் சிவஞான போதத்தில் மூன்றாம் சூத்திரம் முழுவதையும், உடம்பும் புலனும் போக 'என்னுடையது' என்று சொல்கிற ஓர் உயிர் உண்டு என்று நிறுவவே செலவிடுகிறார். வெறும் பெயர்தான் என்று நாகசேனர் கைகழுவுகிற இடத்தில், அந்தப் பெயரை யார் யாருக்குச் சொல்கிறார்கள், எதை நம்பிச் சொல்கிறார்கள் என்று நான் கேட்க விரும்புகிறேன்.

லண்டனில் ஒரு நீதிபதிக்கும் 1990இல் இதே கேள்வி வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற பென்ட்லி பந்தயக் கார், 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் வென்றது. பிறகு சேசி மாறியது, எஞ்சின் மாறியது, உடம்பு மாறியது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ தடத்தை விட்டு வெளியே பறந்து இறந்தார். அதற்குப் பிறகும் வண்டியைத் திரும்பக் கட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்கினார்கள். வென்றபோது இருந்த இரும்பில் மிகச் சொற்பமே அதில் மிச்சம் என்பது உண்மை. நீதிபதி ஓட்டன் பாகங்களை எண்ணிப் பார்த்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு மாற்றமும் எப்போது, யார் கையால், எந்த வண்டிக்காக நடந்தது என்று நூல் பிடித்துப் போனார். நடுவில் எங்கும் அந்த வண்டி முடிந்து வேறொன்று தொடங்கவில்லை. 'நான்தான் அது' என்று சொல்லப் போட்டிக்கு வேறு வண்டியும் இல்லை. தொடக்கத்தில் இருந்த பொருள் அப்படியே இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இதுதான் என்று தீர்ப்பளித்தார். நான் மதிக்கும் தீர்ப்பு அது. பட்டறையில் நாங்கள் 'பழைய வண்டிதான், வேலை பார்த்தது' என்று சொல்வோமே, அதை ஒரு நீதிமன்றம் சட்ட மொழியில் சொன்னது.

அரசாங்கங்களுக்கு இத்தனை பொறுமை இருப்பதில்லை. பெரிதாக மாற்றிய வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய பிரிட்டன் நெடுங்காலம் மதிப்பெண் போட்டது: சேசிக்கு, அல்லது மைனர் போன்றவற்றின் உடம்புக்கு 5, ஸ்டியரிங்குக்கு 2, சஸ்பென்ஷனுக்கு 2 என்று சேர்த்து 8 வர வேண்டும். எல்லாரும் வண்டியின் உயிர் என்று நினைக்கிற எஞ்சினுக்கு 1 மதிப்பெண்தான். இந்தியா 2021இல் கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 வயது தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற தனி எழுத்தோடு பலகை தருகின்றன. சேசியையோ உடம்பையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

தகடுதான் வண்டி என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்தது சாட்சி. ஒருவர் 1959ஆம் ஆண்டு கார்வெட் ஒன்றை 50,000 டாலருக்கு வேறு மாநிலத்தில் வாங்கிக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு எப்போதோ பழுதுபார்த்தபோது எண் தகட்டைக் கழற்றித் திரும்ப அடித்திருந்தார்கள். அதே வண்டி, அதே எண். ரிவெட் மட்டும் வேறு. 2017இல் ஆய்வில் அதைப் பார்த்துக் காவல்துறை வண்டியைப் பிடித்து வைத்தது, அன்றைய சட்டப்படி அதை நசுக்கி அழித்திருக்க வேண்டும். ஒரு தவறும் செய்யாத மனிதர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். 2022இல்தான் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் தாங்கவில்லை. பெயின்ட் அடிக்க நான் கழற்றி மாட்டிய தகடுகள் எத்தனை!

தகடு உயிர் இல்லை. ஆனால் வெறும் தகரமும் இல்லை. அப்படியானால் என்ன?

கோயிலில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ மரப்பலகைக்கோ மாற்றிப் பாலாலயத்தில் வைப்பார்கள். கோபுரத்தைப் பிரிப்பார்கள், சுதை புதிதாகும், பீடத்தில் பழைய அஷ்டபந்தனத்தைச் சுரண்டிப் புது மருந்து சாத்துவார்கள், பிறகு சக்தியைத் திரும்ப ஏற்றுவார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடந்தும் யாரும் 'இது வேறு முருகன்' என்று சொல்வதில்லை. எங்கள் புனித மரம் கோயில் செம்பவாங் கடற்படைத் தளப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கியது, பெயர் அதனால்தான். பிறகு ஈசூனுக்கு வந்தது. மண்ணே மாறியும் கோயில் மாறவில்லை. எல்லாம் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, மேளம் வைத்து, ஊர் பார்க்க நடந்தது.

இதே இடமாற்றம் ஊர் பார்க்காமலும் நடந்திருக்கிறது. தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் கால நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். மூலம் கைமாறிக் கைமாறி வெளிநாடு போய், 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமனிடம் சேர்ந்தது. 1986இல்தான் இந்தியா வந்தது. நம் ஆசிய நாகரிக அரும்பொருளகமும் 2007இல் வாங்கிய உமா பரமேஸ்வரியை, ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோனது என்று தெரிந்தபின் 2015இல் திருப்பிக் கொடுத்தது. விற்றவர் அந்த அம்மனுக்கு வேறொரு பிறந்த கதை எழுதிக் கொடுத்திருந்தார். சிவபுரத்தில் அந்த நகலுக்கு விழுந்த பூ வீண் போயிருக்காது என்று நம்புகிறேன், பக்திக்கு முகவரி தெரியும். ஆனால் கும்பிட்டவர்களிடம் ஒரு பொய் சொல்லப்பட்டது, அவர்களுக்கே தெரியாமல்.

சார் கேட்டதற்கு இது பாதி பதில். மீதிப் பாதியை நான் 2006ஆம் ஆண்டே கேட்டுவிட்டேன். கேட்டது என் தகப்பனாரைப் பற்றி என்பதால் அதை ஒரு காரோடு சேர்த்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

அப்பா மண்டாய் தகனச் சாலையில் கிடத்தப்பட்டிருந்தார். சடங்கு செய்தவர் பெயர் கேட்டார். அடையாள அட்டையில் உள்ள பெயரை, என் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை, அன்று காலை தமிழ் முரசில் வந்த பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து வேறொரு பெயரைச் சொன்னார். எனக்கு அப்போது 44 வயது. அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அம்மா எப்போதும் அவரை 'என்னங்க' என்றுதான் கூப்பிடுவார்.

அன்றிரவு சொன்னார். அப்பாவுக்கு ஓர் அண்ணன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு விடுப்பில் வந்த இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. புதிதாக ஒரு கூலியாள் உள்ளே வருவது குதிரைக்கொம்பு, ஏற்கெனவே இருந்தவர் திரும்பி வரலாம். அண்ணனுடைய தாள்கள் பெட்டியில் இருந்தன. வீட்டில் அடுப்பெரியவில்லை. பாட்டி அந்தத் தாள்களைத் தம்பி கையில் கொடுத்தார். 19 வயதுப் பையன், தாளில் 23. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர் வேறு. சிங்கப்பூரில் இறங்கியவர் வேறு.

தளத்தில் வேலை, அது கப்பல் பட்டறையான பிறகும் வேலை, குடியுரிமை, கல்யாணப் பதிவு, ஈசூனில் அடுக்குமாடி வீடு, எல்லாம் அண்ணன் பெயரில். 55 வயதில் மத்திய சேம நிதியை எடுத்தபோது அவருக்கு உண்மையில் 51. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கும்போதும் கோயிலில் அந்தப் பெயரைத்தான் கொடுத்தார். முருகனிடம் மனத்துக்குள் எதைச் சொன்னார் என்று தெரியாது.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொய்யில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம். சார் எடுத்துச் சொன்ன குறளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இருக்காது என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் அம்மா சொன்னதில் ஒன்று என்னை விடவே இல்லை. பெரியப்பா இறந்த அன்று பாட்டி யாரையும் வாய்விட்டு அழ விடவில்லை. பதிவு இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. அதன்பிறகு மாதா மாதம் சிங்கப்பூரிலிருந்து 'அவர்' மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தார். உயிரோடு பணம் அனுப்புகிறவருக்கு எப்படித் திதி கொடுப்பது? பாட்டி சாகும்வரை, இறந்த மகனுக்கு ஓர் எள்ளும் தண்ணீரும் விட முடியவில்லை. அப்பாவின் பெயர் ஊர்ப் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுபோனது.

ஒரு பெயர் மாறியதில் அண்ணன் தன் இறப்பை இழந்தார், தம்பி தன் பிறப்பை இழந்தார்.

மோரிஸ் மைனரும் அதுதான் என்று எனக்கு விளங்கப் பல மாதம் ஆயிற்று. ஐந்து வருடம் தகரத்தை வெட்டி வெட்டி மாற்றினால் அங்கே இருப்பது ஒரு வண்டி; அது தேய்கிறது, சீராகிறது, தொடர்கிறது. தகட்டைக் கழற்றி அடித்தால் அங்கே இருப்பவை இரண்டு வண்டிகள். ஈசூன் வண்டி செத்ததே யாருக்கும் தெரியாமல் பட்டறை மூலையில் கிடக்கும். மூவார் வண்டிக்கு ஒரு பிறந்த ஆண்டு இருந்தது, அதை ஓட்டிய குடும்பங்கள் இருந்தன, அதன் தகட்டில் அதற்கென்று ஓர் எண் இருந்தது. அவை ஒன்றும் இல்லாமல் போகும். யாருக்குக் கெடுதல் என்று சார் கேட்டார். கணக்கில் நாம் சேர்க்காமல் விடுகிறவர்களுக்கு. அந்த எண் வண்டியின் உயிர் இல்லை, ஆனால் அதன் சாட்சி. பிறந்ததையும் இருந்ததையும் முடிந்ததையும் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்ல அதற்கு வேறு வாய் இல்லை.

ஏழு மாதம் கழித்து சார் திரும்பி வந்தார். "சரி தம்பி, வெட்டியே மாத்துங்க" என்றார். அவருடைய வண்டியைக் கட்டை வைத்துத் தூக்கி, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் என்று வேலையைத் தொடங்கினோம். மூவார்க்காரரிடம் இரண்டு கதவும் ஒரு மட்கார்டும் மட்டும் ரசீது போட்டு வாங்கினார். அந்த உடம்பு அதன் தகட்டோடு அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வெட்டி எடுத்த ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு கோப்பில் சேர்த்தேன். இரண்டரை ஆண்டு ஆனது. நான் பார்த்த கடைசிப் பெரிய வேலை அதுதான். அதன்பின் விக்காமில் டார்ச் அடித்துத் தகட்டைப் படித்தபோது என் கை நடுங்கவில்லை.

அந்த ஆண்டு மகாளய அமாவாசைக்குக் கோயிலில் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அவருடைய சொந்தப் பெயரில் கொடுத்து முடித்த பிறகு, இன்னொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"பெரியப்பாவுக்கு. கல்யாணம் ஆகல. பிள்ளை இல்ல."

"எப்ப இறந்தார்?"

"1954. நாள் தெரியாது."

"பரவாயில்ல, இன்னிக்குக் கொடுக்கலாம். பெயர் சொல்லுங்க."

சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் படிவங்களில் தாத்தா பெயர் என்ற இடத்தில் அவள் எழுதிப் பழகிய பெயர் அது.